மிசின் கதிரவேலரும் பத்துச் சின்னக் குளிசைகளும்

குளிசையை இரண்டு விரலுக்கிடையில் பிடித்து, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்த பிறகுதான் கதிரவேலர் அதைப் பெட்டிக்குள் போடுவார். விளிம்பு உடைந்ததை வேறாக வைப்பார். கிளினிக்கில் மாதத்துக்கென்று கொடுக்கும் குளிசைகள் அவரைப் பொறுத்தவரை கடைக்காரன் பாராமல் அள்ளிக் கொடுத்த மிசின் வாசர்கள். பார்த்துத்தான் எடுக்கவேண்டும்.

"குளிசையிலை என்னப்பா பாக்கிறியள்?" என்று மகள் பிரசாந்தி கேட்டாள்.

"தேய்மானம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. உடுவில் வீட்டின் குசினி மேசையில் இருவரும் எதிரெதிரே இருந்து, அன்றிரவு தொடங்கவேண்டிய புது மாதத்துக் குளிசைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி இருபத்தெட்டுக் குழியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி. முன்பு அதில் காபரேற்றர் ஜெற்றுகளும் வால்வு ஸ்பிரிங்குகளும் இருந்தன. சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவியதாகக் கதிரவேலர் சத்தியம் செய்தார். மூடியைத் திறந்தால் மண்ணெண்ணெய் மணத்தது. பிரசாந்தி கொழும்பிலிருந்து வாங்கி அனுப்பிய, கிழமை நாட்களின் பெயர் எழுதிய குளிசைப் பெட்டிக்குள் இப்போது ஜெற்றுகள் இருந்தன.

"அது வடிவான பெட்டி பிள்ளை. ஜெற்றுக்கெண்டே செய்த மாதிரி."

குளிசைகளுக்கு அவர் பெயர் வைத்திருந்தார். சீனி வருத்தத்துக்கான வெள்ளைப் பெருங்குளிசை எருமை. கொழுப்புக்கானது எண்ணெய்க்காரன். எல்லாவற்றிலும் சிறியது, இந்த மாதம் நீல நிறத்தில் வந்திருந்தது, சின்னவன். அதன் பெயர் அமிட்ரிப்டிலின். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மனிசனுக்கு நித்திரை வந்துவிடும், அதனால்தான் அது நித்திரைக்கும் வேலை செய்கிறது என்பது அவருடைய கருத்து.

கதிரவேலர் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மிசின்களைத் திருத்துகிறவர். எழுபத்தொரு வயது. சைக்கிள் கரியரில் சாக்குப் பை, பைக்குள் நட்டுக் கழற்றும் சாவிகள், குறடு, ஒரு நீள ஸ்குரூ டிரைவர். அந்த ஸ்குரூ டிரைவரால் அவர் திருகாணி கழற்றி யாரும் பார்த்ததில்லை. முனையை ஓடும் மிசினில் வைத்து, கைபிடியைக் காதுக்குள் வைத்துக் கேட்பார். கேட்கும்போது வாய் சற்றுத் திறந்திருக்கும். பிறகு நிமிர்ந்து, "இதுக்கு வருத்தம் இல்லை, கோவம்" என்றோ, "இதுக்கு வயசு" என்றோ சொல்வார். ஒழுங்கையில் போகும்போது யாருடைய தோட்டத்திலாவது மிசின் முக்கும் சத்தம் கேட்டால் அவரால் சைக்கிளை மிதிக்க முடியாது. கலியாண வீட்டுக்கு வேட்டி கட்டிப் போனவர், கையெல்லாம் கிறீசோடு மத்தியானப் பந்திக்குப் போய்ச் சேர்ந்த கதைகள் இரண்டு உண்டு. இரண்டிலும் மனைவி கேதீஸ்வரி அவரோடு மூன்று நாள் கதைக்கவில்லை.

பதினெட்டு வருசச் சீனி கடைசியில் அவர் காலுக்குள் இறங்கியது. இரவில் இரண்டு உள்ளங்காலும் எரிந்தன. மிளகாய்ப் பாத்திக்குள் நடந்தது மாதிரி என்றார். ஈரச் சாக்கில் காலை வைத்துப் படுத்தார். கிணற்றுத் தண்ணீர் வாளிக்குள் காலை விட்டபடி கதிரையிலேயே நித்திரை கொண்டு, வாளியோடு விழுந்தார். வாளி வெடித்த பிறகுதான் கிளினிக்குக்குப் போனார். கால் எரிந்தபோது போகவில்லை.

டொக்டர் லவீனா சின்னப் பெண். பொறுமையாய்ச் சொன்னாள். "ஐயா, இது முதல் மனச்சோர்வுக்கெண்டு வந்த மருந்து. சின்ன அளவிலை நரம்பு எரிவுக்கும் குத்துக்கும் நல்லது. சில பேருக்குத் தலையிடி வராமல் இருக்கவும் குடுக்கிறனாங்கள்."

"ஒரு மிசின், தோட்டத்துக்கும் இறைக்கும், தண்ணி ராங்கிக்கும் ஏத்தும்" என்றார் கதிரவேலர்.

"ஓம், அப்பிடித்தான். ஆனால் உடனை கேக்காது. ரெண்டு மூண்டு கிழமை செல்லும். வாய் காயும். வெளிக்குப் போறது இறுகும். சலம் போகக் கஸ்ரமெண்டால் உடனை வாங்கோ. இரவிலை மட்டும் போடுங்கோ, போட்டால் கள்ளுப் பக்கம் போகக்கூடாது. படுக்கையிலை இருந்து சட்டெண்டு எழும்பக்கூடாது, தலை சுத்தி விழுவியள். சுகமெண்டு நினைச்சுச் சடுதியாய் நிப்பாட்டவும் கூடாது. வேறை ஆருக்கும் குடுக்கவும் கூடாது."

கதிரவேலர் இதை அடுத்த கிழமை முழுவதும் கிணற்றடி கிணற்றடியாக ஒப்புவித்தார். வரிசை பிசகவில்லை. கடைசி ஒன்றை மட்டும் ஒரு கிணற்றடியிலும் சொல்லவில்லை.

பிரசாந்தி கொழும்பில் மருத்துவக் கருவிகள் திருத்தும் இஞ்சினியர். பன்னிரண்டு வருசமாக இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடாய் வரையும் ஈ.சீ.ஜீ. மெசின்கள்தான் அவளுடைய வேலை. தகப்பனும் மகளும் ஒரே தொழில் என்று கதிரவேலர் ஊருக்குச் சொல்வார். "நான் தண்ணி இறைக்கிற மிசின், அவள் ரத்தம் இறைக்கிற மிசின்." அவள் அதைத் திருத்துவதில்லை, அது ஓடுகிறதா என்று பார்க்கும் மெசினைத்தான் திருத்துகிறாள் என்று விளங்கப்படுத்த அவள் எடுத்த முயற்சிகள் எல்லாம் தோற்றன.

குளிசைச் சரைகளைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி ஒருநாள் கேட்டாள். சரை என்றால் கிளினிக்கில் குளிசை போட்டுத் தரும் சின்னக் கடதாசிப் பை. படம் வந்தது. மருந்தின் பெயரைப் போனில் தட்டினாள். முதல் வரியில் மனச்சோர்வு என்று இருந்தது. முதல் வரியோடு நின்றாள். கையேட்டின் முதல் பக்கத்தோடு நிற்கிறவர்களைத் திட்டுவதற்காகச் சம்பளம் வாங்குகிறவள் அவள்.

அம்மா போய் அப்போது இரண்டு வருசம். அப்பா தனிய. பிரசாந்தி இரண்டு நாள் லீவு போட்டு, றெயில் ஏறி, வவுனியா வரைக்கும் மென்மையான வசனங்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள். வந்தபோது தகப்பன் பக்கத்துத் தோட்டத்தில், லோஜன் என்ற இளந் தோட்டக்காரனின் மிசினுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு கிடந்தார்.

"அப்பா, உங்களுக்கு மனசு சரியில்லையோ?"

"அந்தப் பன்ரெண்டாம் சாவியை எடு."

"அப்பா, நான் உங்களோடை கதைக்கிறன்."

"கதை. சாவியைத் தந்திட்டுக் கதை."

"உங்களுக்கு மனச்சோர்வு எண்டால் என்னட்டைச் சொல்லியிருக்கலாந்தானே?"

மிசினுக்குக் கீழிருந்து கிறீஸ் கை ஒன்று சாவிக்கு நீண்டது. பிறகு, "எனக்கு மனச்சோர்வு காலிலை பிள்ளை. பெருவிரலிலை துடங்கி மேலை வரும்" என்றார்.

லோஜன் வாய்க்காலுக்குள் விழுந்து சிரித்தான். மனப்பாடம் செய்த வசனங்கள் எல்லாம் பிரசாந்தியின் வாயிலேயே மிச்சமாய் நின்றன. அவமானம் தாங்காமல் டொக்டர் லவீனாவுக்குப் போன் எடுத்து இருபது நிமிசம் வாதாடினாள்.

"நீங்கள் மருந்துப் பக்கமோ?" என்று டொக்டர் கேட்டாள்.

"இல்லை, மெசின் பக்கம்."

"அப்ப ரெண்டாம் பக்கத்தையும் வாசியுங்கோ."

வாசித்தாள். முழுவதையும் வாசித்தாள். வாசித்ததை நிறம் நிறமாய் அட்டவணை போட்டு, பிளாஸ்ரிக் உறை ஒட்டி, அடுத்த வருகையில் கொண்டுவந்து குசினிச் சுவரில் தொங்கவிட்டாள். அடுத்ததற்கு அடுத்த வருகையில் அது சுவரில் இல்லை. அதன் நடுவில் இருந்து ஒரு வட்டம் வெட்டப்பட்டு, மழை நனையாமல் லோஜனின் மிசினுக்கு மூடியாகியிருந்தது. வட்டத்தில் "திடீரென எழும்பக்கூடாது" என்ற வரி முழுதாய் வாசிக்கக் கிடந்தது.

ஆனால் அட்டவணை இல்லாமலே கதிரவேலர் ஒழுங்காய் இருந்தார். மூன்றாம் கிழமை கால் எரிவு அடங்கியது. வாய் காய்ந்தது. இனிப்புக் கூடாது என்பதால் கடைவாயில் ஒரு கராம்பை ஒதுக்கிக்கொண்டு திரிந்தார். அவர் குனிந்து பார்த்த மிசின்களில் எல்லாம் கராம்பு மணத்தது. வயிறு இறுகியதற்கு முருங்கையிலை வறை. எழும்புவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். கட்டில் விளிம்பில் இருந்து, இரண்டு காலையும் தொங்கவிட்டு, மெதுவாய் உதறுவார். ஒரு நிமிசம். சில வேளை இரண்டு.

"என்னப்பா செய்யிறியள்?"

"பம்முக்குத் தண்ணி வாக்கிறன். தண்ணி ஏறமுதல் மிசினை இழுத்தால் என்ன நடக்கும்? காத்தைத்தான் இறைக்கும். தலையும் அப்பிடித்தான். காத்துப் போகட்டும், எழும்புவம்."

மருத்துவப் புத்தகத்தில் அதற்கு ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. பிரசாந்தி அதையும் வாசித்திருந்தாள். இவ்வளவு சுருக்கமாய் அதில் இல்லை.

அளவைக் கூட்டுவதென்றால் முதலில் ஒரு ஈ.சீ.ஜீ. எடுத்து வரச் சொல்லி டொக்டர், நோயாளி கையோடு கொண்டுபோகும் கிளினிக் கொப்பியில் எழுதியிருந்தாள். இந்த வகைக் குளிசை இதயத்தின் துடிப்பு ஒழுங்கைத் தொடக்கூடியது என்பதால். கதிரவேலர் போகவில்லை. அதற்குக் காரணம் பிரசாந்தி. "ஒரு இடமும் போய் லைனிலை நிக்கவேண்டாம். கையிலை கொண்டுபோற மெசின் எங்களிட்டை இருக்கு, நானே கொண்டுவந்து எடுக்கிறன்" என்று சொல்லியிருந்தாள். அதன் பிறகு மூன்று முறை வந்தாள். முதல் முறை அட்டவணை கொண்டுவந்தாள். இரண்டாம் முறை கேக், சீனி வருத்தக்காரருக்கு. மூன்றாம் முறை ரோர்ச் லைற். ஊரில் உள்ள அத்தனை இதயத்தையும் கோடாய் வரைய மெசின் ஓடவைக்கிறவளுடைய தகப்பனின் இதயத்துக்கு மட்டும் ஒரு கோடும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கையில் இருந்தது பனங்கட்டி. அதுவும் அவருக்கு ஆகாது.

குளிசைகள் பிரித்து முடிந்தபோது எருமை இருபத்தெட்டும் இருந்தது. எண்ணெய்க்காரன் இருபத்தெட்டும் இருந்தது. சின்னவன் பதினெட்டுக் குழியோடு முடிந்துபோனான். சரையில் டொக்டரின் கையெழுத்தில் 28 என்று இருந்தது.

"பத்துக் குறையுது அப்பா."

"வடிவாய் எண்ணு."

"மூண்டு தரம் எண்ணீட்டன்."

"அப்ப பத்துத்தான் குறையும்."

பிரசாந்திக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோசம். பிழை ஒன்று கண்டுபிடித்துவிட்டாள். அவளுடைய தொழிலில் அதற்குத்தான் மதிப்பு.

"ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

கதிரவேலர் கராம்பை ஒரு கடைவாயிலிருந்து மற்றக் கடைவாய்க்கு மாற்றினார். "அருளம்பலத்துக்கு. வெள்ளிக்கிழமை."

அருளம்பலம் ஒழுங்கையின் மற்ற அந்தத்தில் வெங்காயம் வைக்கிறவர். கதிரவேலரோடு அரிவரியிலிருந்து படித்தவர். இரண்டு வருசத்துக்கு முதல் ஹார்ட் அற்றாக் வந்து, இதயக் குழாய்க்குள் கம்பிவலை வைத்தவர். மனைவி செத்து ஏழு மாதம்.

கொடுப்பது கதிரவேலருக்குப் பழக்கம். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோலைச் சேலைன் குழாயால் சொட்டுச் சொட்டாய் விட்டு மிசினை இழுத்து, பிடித்தவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்றியவர் அவர். செத்த மிசினில் கழற்றியது சாகக் கிடந்த மிசினில் ஓடியது. கழற்றியதைப் போட்டு வைத்த தகரப் பேணிக்குள்ளேயே குளிசைகளும் இருந்தன. ஒரு பனடோலை நாலாய் உடைத்து நாலு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார். நாலு வீட்டிலும் காய்ச்சல் விட்டது. அதை அவர் மறக்கவில்லை. தடை எடுத்து எத்தனையோ வருசமாகியும் அந்தப் பேணியை மட்டும் அவர் மூடவில்லை.

"உவனுக்கு நித்திரை இல்லைப் பிள்ளை. விடியமுதல் வெங்காயப் பாத்திக்குள்ளை நிக்கிறான். 'விடிஞ்சு என்னத்துக்கு கதிரவேலு' எண்டு கேக்கிறான். உவனைப் பாத்துக்கொண்டு நான் மட்டும் படுக்கிறதே?"

"அப்பிடியே கேட்டவர்?"

"சும்மா, கதையோடை கதையாய்."

பிரசாந்திக்குச் சந்தோசம் போய்விட்டது. குளிசைச் சரையைத் திருப்பி, பின்புறத்தில் பேனையால் ஒரு கோடு கீறினாள். சிறு மேடு, கூர்முனை, பிறகு வட்டமான மேடு. திரும்பவும் அதே மாதிரி. தாளின் ஓரம் வரைக்கும்.

"இது நெஞ்சு ஓடுற கோடு. ஒழுங்காய் ஓடினால் இப்பிடி. ஹார்ட் அற்றாக் வந்த ஆளுக்கு டொக்டரைக் கேளாமல் உந்தக் குளிசை குடுக்கேலாது. கனக்கப் போட்டால் நல்ல நெஞ்சுக்காரனுக்கே இந்தக் கோடு குழம்பிப்போம்." பக்கத்தில் அகன்று, சரிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறிய வேறொரு கோடு கீறினாள். "இப்பிடி. அப்பா, விடிஞ்சு என்னத்துக்கு எண்டு கேக்கிற ஆளின்ரை கையிலை பத்தையும் ஒரேயடியாய்க் குடுத்திருக்கிறியள்."

கதிரவேலர் சரையை வாங்கி, குளிசையைப் பார்த்த மாதிரியே வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"ரைமிங் பிழைக்குது."

"ஓம்."

"பிளக் நேரங்கெட்டு அடிக்குது."

"ஓம்."

"நிண்டுபோம்."

"ஓம் அப்பா."

அவர் சரையை மேசையில் வைத்தார். சுருக்கம் எடுப்பது போல உள்ளங்கையால் அதை இரண்டு தரம் தடவினார்.

"நானும் உப்பிடிக் கேட்டனான்" என்றார். "உன்ரை அம்மா போன பிறகு. விடிஞ்சு என்னத்துக்கு எண்டு. ஆரிட்டையும் கேக்கேல்லை, கூரையிட்டைக் கேட்டனான். பிறகு கால் எரிவுக்கு உதைப் போட்டன். எரிவு போச்சு, நித்திரை வந்திது. நித்திரை வர, விடியிறது அவ்வளவு மோசமாய் இல்லை. அதுதான் உவனுக்கும் குடுத்தன்."

காலில் மனச்சோர்வு என்று சொல்லி லோஜனைச் சிரிக்கவைத்த மனிசன். பிரசாந்தி அப்போது கேட்ட கேள்வி சரியான கேள்விதான்; பிழையான இடத்தில், மூன்றாம் ஆளுக்கு முன்னால், பன்னிரண்டாம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். அன்று றெயிலில் மனப்பாடம் செய்த மென்மையான வசனங்களை எல்லாம் இப்போது மறந்திருந்தாள். "உடனை போய் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றாள்.

"இண்டைக்கு அவன் கரவெட்டிக்கு, மகள் வீட்டை போட்டான். பின்னேரந்தான் வருவான்."

"அப்ப பின்னேரம் போன் எடுத்து, போடவேண்டாம், ஒருத்தருக்கும் குடுக்கவும் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நாளைக்கு விடியக் கையிலை வாங்கவேணும்."

"ஆறரைக்கு அங்கை நிப்பன்."

"வழியிலை ஒரு மிசினிலையும் நிக்கக்கூடாது."

"ஓம் பிள்ளை. வாய்க்காலிலை கப்பல் ஓடினாலும் நிக்கமாட்டன்."

பிரசாந்தி நின்றிருக்கலாம். பின்னேரம் வரைக்கும் நின்று, அரை மைல் நடந்து, தானே வாங்கியிருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை கொழும்பில் ஒரு ஈ.சீ.ஜீ. மெசின் திருத்தவேண்டியிருந்தது. அதனால் ஒரு இஞ்சினியர் செய்யக்கூடியதைச் செய்தாள்: போனில் நினைவூட்டல் போட்டாள். "அப்பா, அருளம்பலம் மாமா, குளிசை 10. வாங்கியாச்சோ?" திங்கள், பின்னேரம் ஆறு மணி.

மத்தியான றெயிலுக்கு வெளிக்கிடும்போது கதிரவேலர் சின்ன நித்திரை முடித்துக் கட்டில் விளிம்பில் இருந்து காலை உதறிக்கொண்டிருந்தார்.

"போட்டு வாறன் அப்பா."

"போட்டு வா. கேற்றடிக்கு வாறன், இந்தக் காத்துப் போகட்டும்."

ஓட்டோ அவசரப்பட்டது. அவர் கேற்றடிக்கு வரமுதல் அவள் போய்விட்டாள்.

திங்கள் காலை ஏழு இருபதுக்கு லோஜன் போன் எடுத்தான். அவன் அழுதுகொண்டு சொன்னதை அவள் மூன்று தரம் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டாள். கதிரவேலர் ஆறு மணிக்குப் பிறகு சைக்கிளில் வந்திருக்கிறார். லோஜனின் மிசின் பிடிக்காமல் முக்கிக்கொண்டிருந்தது. "மாமா, ஒருக்கா இழுத்து விட்டிட்டுப் போங்கோ" என்று லோஜன் கேட்டிருக்கிறான். "எனக்கு இண்டைக்கு அவசர அலுவல் கிடக்கு" என்றிருக்கிறார். அந்தச் சொல்லை அவர் வாயில் லோஜன் முதல் தரம் கேட்டானாம். சொல்லிப்போட்டுச் சைக்கிளைப் பூவரசில் சாத்தினார். பிளக்கைக் கழற்றித் துடைத்தார். மூன்றாவது இழுவையில் மிசின் பிடித்தது. ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். லோஜன் தண்ணீரைத் திருப்பி விடத் தூரப் பாத்திக்குப் போனான். திரும்பி வந்தபோது அவர் கிணற்றுக்கட்டில் சாய்ந்து இருந்தார். மிசின் நன்றாய் ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லா ஓடிச்சுதக்கா. அதுதான் நான் திரும்பிப் பாக்கேல்லை."

கொழும்பிலிருந்து வான் பிடித்து வரும்போது பிரசாந்தி டொக்டர் லவீனாவுக்குப் போன் எடுத்தாள். காரணம் வேண்டும் அவளுக்கு. எந்தப் பகுதி பழுதென்று தெரியாமல் அவள் ஒரு மெசினையும் மூடியதில்லை. ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று சொல்லியிருந்தார்கள்.

"குளிசையோ?" என்று கேட்டாள்.

டொக்டர் சொன்னாள்: "பதினெட்டு வருசச் சீனியைத்தான் நான் முதல் சொல்லுவன். உந்தச் சின்ன அளவை முதல் சந்தேகப்படமாட்டன். இல்லவே இல்லையெண்டு சத்தியம் பண்ணவும் என்னாலை ஏலாது. ஒரு ஈ.சீ.ஜீ. இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பன்."

"ஓம்" என்றாள் பிரசாந்தி. மெசின் அவளுடைய அலுவலக மேசைக்குக் கீழே, மின்னேற்றி முடித்து, உறை போட்டுக் கிடந்தது.

அவள் வீட்டுக்கு வரமுதல் கதிரவேலர் வந்துவிட்டார். பந்தல் போட்டு, வெள்ளை கட்டியிருந்தார்கள். அவருடைய சைக்கிளை லோஜன் கொண்டுவந்து வேலியோடு சாத்தியிருந்தான். கரியரில் சாக்குப் பை இல்லை. யாரோ உள்ளே எடுத்து வைத்திருந்தார்கள். பெண்டுகள் அவளைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. தகப்பனின் கால்களைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பெருவிரல் இரண்டையும் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தது.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. செத்த வீட்டில், தலைமாட்டில், உற்சாகமான ஒரு மணி ஓசை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் அவளே எழுதியது கேட்டது: வாங்கியாச்சோ?

பந்தலின் ஓரத்துக் கதிரையில் அருளம்பலம் தனிய இருந்தார். சவரம் செய்யாத முகம். மடியில் ஒரு சொப்பிங் பை. அவரைக் கண்டவுடன் பிரசாந்தி கணக்குப் பார்த்தாள். ஏழு மாதத்துக்கு முதல் மனைவி. இன்றைக்குக் கூட்டாளி. பத்துக் குளிசை. அவள் எழும்பினாள். சட்டென்று எழும்பியதில் கண் இருட்டியது. கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்று, காற்றுப் போக விட்டு, பிறகு போனாள்.

"மாமா."

"வா பிள்ளை."

செத்த வீட்டில் எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. அதனால் அவள் ஒன்றும் கேளாமல் உள்ளங்கையை நீட்டினாள்.

அருளம்பலம் அவளுடைய கையைப் பார்த்தார். பிறகு தன் சட்டைப் பையைப் பொத்திப் பிடித்தார்.

"உன்ரை கொப்பர் நேற்றுப் பின்னேரம் போன் எடுத்தவர். போடாதை, ஒருத்தருக்கும் குடாதை, நான்தான் வந்து வாங்குவன் எண்டவர். ஆறரையிலை இருந்து கேற்றடியிலை நிண்டனான் பிள்ளை. ஒரு நாளும் சொன்ன நேரத்துக்கு வாறேல்லை, உங்கினை எங்கையோ மிசினோடை நிக்கிறார் எண்டு நினைச்சன்."

"ஓம் மாமா. மிசினோடைதான் நிண்டவர்."

அவர் பைக்குள் இருந்து ஒரு சரையை எடுத்தார். கலண்டர்த் தாளை மடித்துச் செய்த சரை. அதன்மேல் கதிரவேலரின் கையெழுத்து, பெட்டிப் பெட்டியாய்: "ராவிலை ஒண்டு. எழும்பமுதல் தண்ணி வார்." அவளுடைய கையில் வைத்தார். அவள் அந்த இடத்திலேயே நின்று பிரித்து எண்ணினாள். எட்டு.

"ரெண்டு இரவு போட்டனான்" என்றார். "நித்திரை வந்திது. பொய் சொல்லப்படாது. ஆனால் நெஞ்சு ஒரு மாதிரி அடிச்சுது."

"இனிப் போடாதேங்கோ மாமா."

"ஓம். கொப்பரும் அப்பிடித்தான் சொன்னவர். அவர் ஒருநாளும் உவ்வளவு கதைச்சதில்லைப் பிள்ளை, போனிலை. குளிசையைத் தா, நாளையிண்டைக்குச் செவ்வாய், நானே உன்னைச் சைக்கிளிலை ஏத்திக்கொண்டுபோய் அந்த டொக்டர்ப் பிள்ளைக்குக் காட்டுறன், நித்திரை இல்லை எண்டு சொல்லாதை, விடிஞ்சு என்னத்துக்கு எண்டு என்னட்டைக் கேட்டதை அப்பிடியே சொல்லு எண்டவர். கொப்பியை எடுத்து வை எண்டவர்."

மடியில் இருந்த சொப்பிங் பையைத் திறந்தார். உள்ளே அவருடைய கிளினிக் கொப்பி, தண்ணீர் படாமல் இன்னொரு உறைக்குள் சுற்றியிருந்தது. அதை வெளியே எடுத்து, கையில் வைத்துக்கொண்டு, பந்தலுக்குள் ஒரு முறை பார்த்தார். பிறகு பிரசாந்தியைப் பார்த்தார். அவள் குளிசைகளைத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டுத்தான்.

அருளம்பலம் எழும்பி வேலியடிக்குப் போனார். கதிரவேலரின் சைக்கிள் கரியரின் கம்பியை ஒரு கையால் தூக்கி, கொப்பியை அதற்குக் கீழே நேராய் வைத்து, கம்பியைக் கொப்பியின்மேல் மெதுவாய் இறக்கி விட்டார்.